வாசல் காமிரா போட்ட அட்டெண்டன்ஸ்

எங்கள் கல்லூரி பிரின்சிபால் பொய் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் சொன்னார். "நம்ம வாசல் காமிரா இதுவரைக்கும் ஒருத்தரைக்கூடத் தப்பா பதிஞ்சது கிடையாது" என்றார். பொய். பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவரிடம் அதைச் சொன்னதே நான்தான்.

இதையே கொஞ்சம் பதமாக ஆரம்பித்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பேங்கில் வேலை பார்க்கிறார். அங்கே பதம் தேவைப்படும். நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு நடத்துகிறவள். எனக்குத் தேவைப்படுவது தொண்டை.

முன்பெல்லாம் நான் நடத்தியது சி மொழி. ஒரு கோடை விடுமுறையில் எங்களை ஒரு வார ஆன்லைன் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். அதில் பாதி நேரம் கரண்ட் இல்லை. ஜூன் மாதம் திரும்பி வந்தால் என் அறைக் கதவில் 'ஏஐ துறை' என்று புது போர்டு மாட்டியிருக்கிறது. சி மொழி நடத்தியவள் சாயங்காலம் தூங்கி, காலையில் ஏஐ பேராசிரியராக எழுந்துவிட்டேன்.

முதல் வகுப்பில், "மெஷின் லேர்னிங்னா என்ன?" என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து கைடில் இருந்த இரண்டு வரியை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"சரி, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் கைடுல இல்லீங்க மேடம்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்தப் பயிற்சியில் அர்த்தம் வருகிற இடமாகப் பார்த்துத்தான் கரண்ட் போனது. பிறகு ராத்திரி பகலாகப் படித்து, வீட்டில் சமையலைப் பாதி நிறுத்தி, நானாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு கைடைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பையன்களைத் தக்காளி படம் எடுத்து வரச் சொன்னேன்.

எங்கள் பக்கம் தக்காளிக்கா பஞ்சம்? பாலக்கோட்டுப் பையன்கள் போனில் நூற்றுக்கணக்கில் எடுத்து வந்தார்கள். நல்ல தக்காளி, அழுகின தக்காளி. கம்ப்யூட்டருக்கு இரண்டையும் காட்டிப் பழக்கினோம். அருமையாகப் பிரித்தது. வகுப்பே கைதட்டியது. நான் என் செருப்பைக் கழற்றித் தரையில் வைத்து, அதைப் படம் எடுத்துக் கொடுத்தேன். 'அழுகின தக்காளி' என்றது. அதே செருப்பை மண்டியில் தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு எடுத்தேன். 'நல்ல தக்காளி' என்றது.

விஷயம் இதுதான். நல்லதை எல்லாம் பெட்டியில் வைத்து எடுத்திருக்கிறார்கள். கெட்டதை எல்லாம் தரையில் கொட்டி எடுத்திருக்கிறார்கள். அது தக்காளியையே பார்க்கவில்லை. பெட்டியையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க என்ன காட்டுறீங்களோ அதை அது கத்துக்காது. அதுக்கு எது சுலபமோ அதைக் கத்துக்கும்" என்றேன். "எங்கள மாதிரிதான் மேடம்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன். அவன் பென்னாகரத்துப் பையன். ஒகேனக்கல்லில் அவன் மாமா மீன் வறுவல் கடை வைத்திருக்கிறார். சீசன் நாட்களில் பாதி நேரம் அங்கேதான் இருப்பான். வகுப்புக்கு வந்தாலும் மசாலா வாசனையோடுதான் வருவான். ஆனால் அன்றைக்குப் பாடம் புரிந்த முதல் ஆள் அவன்தான்.

இந்தத் தக்காளி சமாசாரம் பிரின்சிபால் காதுக்குப் போனது. செருப்பு வரைக்கும் போகவில்லை, கைதட்டல் வரைக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், தக்காளியக் கண்டுபுடிக்கிற மிஷினு பசங்களக் கண்டுபுடிக்காதா? வாசல்ல ஒரு காமிரா. உள்ள வந்தா அதுவே அட்டெண்டன்ஸ் போட்டுக்கணும். நம்ம பசங்களே செஞ்சதுன்னு பேப்பர்ல வரணும்."

"செய்யலாங்க சார். ஆனா ஒவ்வொரு பையனையும் பல நாள், பல வெளிச்சத்துல, பல சட்டையில படம் எடுக்கணும்."

"திங்கக்கிழமை திறப்பு விழா. சீஃப் கெஸ்ட் தேதி குடுத்துட்டாரு. நாளைக்கு ஒரே நாள்ல எடுத்து முடிங்க."

"இன்னொண்ணு சார். தெரியாத ஆள் வந்தா 'தெரியாது'ன்னு சொல்லவும் அதுக்குக் கத்துக் குடுக்கணும். இல்லன்னா நாய் நுழைஞ்சாக்கூட ஏதாவது ஒரு பையன் பேரச் சொல்லும்."

"சீஃப் கெஸ்ட் முன்னாடி நம்ம மிஷின் 'தெரியாது'ன்னு சொல்றதா? அசிங்கம் மேடம். அந்த வார்த்தையே வரக் கூடாது."

காமிராவையாவது முகம் தெரிகிற உயரத்தில் மாட்டச் சொன்னேன். பையன்கள் அதில் பபிள்கம் ஒட்டிவிடுவார்கள் என்று வாசல் வளைவின் உச்சியில் மாட்டச் சொல்லிவிட்டார். அங்கேயிருந்து பார்த்தால் முகத்தைவிட உச்சந்தலைதான் நன்றாகத் தெரியும். மறுநாள் மாணவர்களை வளைவின் கீழ் வரிசையாக நடக்கவிட்டுப் படம் எடுத்தோம்.

அந்த வரிசையில் சித்தேரி மலையிலிருந்து வருகிற பையன் ஒருவன் இருந்தான். மலையில் சாமையும் கேழ்வரகும் வெள்ளாமை செய்கிற வீடு. அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். விடிவதற்கு முன்பே கிளம்பி மலை பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ் மாறி வருவான். முந்தின வாரம்தான் அவர்கள் குலசாமிக்குக் குடும்பத்தோடு முடி இறக்கியிருந்தார்கள். மொட்டை, அதன்மேல் சந்தனம். எங்கள் காமிரா அவனை அந்தக் கோலத்தில்தான் பார்த்தது. ஒரே நாள், ஒரே மொட்டை.

"இவனுக்கு முடி வளந்தப்புறம் திரும்ப எடுக்கணுங்க சார்" என்று அன்றைக்கே சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. எங்கள் மாவட்டத்தில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. ஒரு பெரிய பளபளப்பான கல்லில் 'பிழையே இல்லாத தானியங்கி வருகைப் பதிவு' என்று வெட்டி வாசலில் பதித்துவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். கருங்கல்லைத் திருத்த முடியாது. எங்கள் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கல்தான். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி எந்த ஆசிரியரும் வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கக் கூடாதாம், காமிரா போடுவதுதான் வருகையாம்.

அதற்குப் பிறகு சித்தேரிப் பையனுக்கு முடி நன்றாக வளர்ந்துவிட்டது. அடர்ந்த சுருட்டை. குடியரசு தின விழாவில் பிரின்சிபால் ஒரு புதுப் பரிசு அறிவித்தார். தினமும் கல்லூரிக்கு முதல் ஆளாக வருகிற மாணவனுக்குப் பரிசு. காமிரா கணக்கின்படி அது சித்தேரிப் பையன். மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் தட்டி, பெரிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றைக் கொடுத்து, "மலையிலேருந்து வரான், ஆனா உங்க எல்லாருக்கும் முன்னாடி வரான், வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று தருமபுரி டவுன் பையன்களைத் திட்டினார்.

விழா முடிந்ததும் பையன் டிபன் பாக்ஸோடு என்னிடம் வந்தான்.

"மேடம், இத என்ன பண்றது?"

"சோறு போட்டுச் சாப்புடு."

"இல்லீங்க மேடம். எங்க பஸ்ஸு வரதே முதல் மணி அடிச்சப்புறம்தான். நான் எப்புடி முதல்ல வர முடியும்?"

கொடுத்த பரிசை எதற்கு என்று கேட்கிறவன் லட்சத்தில் ஒருவன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இரண்டாம் மணி வகுப்பில் லேப் ப்ரொஜெக்டரில் வாசல் காமிராவை நேரலையாகப் போட்டேன். காமிரா யாரைப் பார்த்து என்ன பெயர் சொல்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும், பாடமும் ஆகும் என்று நினைத்தேன். வாசலில் திரை கிடையாது. கணக்கு நேராக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதனால் அதுவரை யாரும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் பிரின்சிபாலுக்கு ஒரு பழக்கம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, வளைவின் கீழ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, லேட்டாக வருகிறவர்களைப் பிடிப்பார். யார் எவன் என்று முகத்தைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். இரண்டாம் மணி முடிகிறவரை நகர மாட்டார். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், திரையில் பெரிய பித்தளைத் தட்டு மாதிரி ஏதோ பளபளவென்று நுழைந்தது. அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. கட்டத்தின் மேல் சித்தேரிப் பையனின் பெயர். பக்கத்தில் 'வந்துவிட்டார்'.

சித்தேரிப் பையன் மெல்லக் கையைத் தூக்கித் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

திரையில் அந்தத் தலை அப்படியும் இப்படியும் ஆடியது. லேட்டாக வந்த யாரோ ஒருவனை அவர் பிடித்துவிட்டார் போல.

"டேய்" என்றான் பென்னாகரத்துப் பையன் அவனைப் பார்த்து, "நீ கேட்டுல நின்னு யாரையோ திட்டிக்கிட்டு இருக்கடா."

அதற்குப் பிறகு வகுப்பை அடக்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் முயற்சியும் செய்யவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அடங்கின பிறகு முன்வரிசைப் பெண், "அப்ப அந்த டிபன் பாக்ஸ் யாருதுங்க மேடம்?" என்று கேட்க, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. காமிரா சித்தேரிப் பையனைக் கற்றுக்கொள்ளவில்லை. மொட்டையைக் கற்றுக்கொண்டது. கல்லூரியில் திறந்து கிடக்கிற மொட்டைத் தலை வேறு கிடையாது. வாட்ச்மேன் தொப்பி போட்டிருப்பார். 'தெரியாது' என்று சொல்ல விடாததால், சுருட்டை முடியோடு வருகிற நிஜப் பையனுக்கும் அது ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது. அவன் வந்தால் பென்னாகரத்துப் பையன் வந்ததாகப் பதிந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சுருட்டை. ஒகேனக்கல்லில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி முழு வருகை வந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவனுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியிருக்கிறது. சித்தேரிப் பையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மச்சான், நீ மட்டும் தெனம் வந்துரு. நீ வந்தாத்தான் நான் வந்த மாதிரி. மீன் வறுவல் என் செலவு" என்றான்.

மத்தியானமே பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

"சார், காமிரா உங்கள ஒரு ஸ்டூடண்டாப் பதியுது."

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "அப்புடியா? எங்க வூட்லகூட சொல்லுவாங்க, வயசே தெரியலன்னு. எந்தப் பையன்?"

"அன்னைக்கு மொட்டை போட்டுக்கிட்டு வந்தானே சார், அந்தப் பையன்."

மலர்ந்தது சுருங்கியது. "முகச் சாயலா இருக்கும்."

"முகம் இல்லீங்க சார். மண்டை."

இன்னொருவர் பதமாகச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. வழுக்கையில் என்ன தப்பு? என் வீட்டுக்காரருக்கும் வழுக்கைதான், அவர் பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறார். நான் கேட்டது இரண்டு நாள் அவகாசம். எல்லோரையும் மறுபடி படம் எடுத்து, காமிராவைக் கொஞ்சம் இறக்கி மாட்டி, 'தெரியாது' என்கிற வார்த்தையைக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும். அவர் ஜன்னல் வழியாக வாசல் கருங்கல்லைக் காட்டி, "பிழையே இல்லாததுன்னு வெட்டி வெச்சாச்சு மேடம். இனிமே என்ன திருத்தறது?" என்றார்.

அடுத்த வாரம் அவர் லீவு. அதற்கடுத்த திங்கட்கிழமை காரிலிருந்து இறங்கினார். தலை நிறைய முடி. கறுகறுவென்று, வகிடெடுத்து, காற்றில் அசையாத முடி. ஆபீஸில் எல்லோரும் ஆளுக்கொரு பைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். 'விக்' என்று யாரும் வாய் திறக்கவில்லை. "என்னமோ ஆயுர்வேதத் தைலமாம்" என்றார்கள்.

அன்றோடு சித்தேரிப் பையனின் வருகை நின்றது.

பையன் வந்துகொண்டுதான் இருந்தான். அதே மலை பஸ், அதே முதல் பெஞ்ச் ஓரம். ஆனால் அவனுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த தலை இல்லாமல் போய்விட்டது. பிரின்சிபாலின் புதுத் தலை இப்போது முன்வரிசைப் பெண்ணின் பெயரில் விழுகிறது, மேலிருந்து பார்த்தால் அதே வகிடு. அவர் ஞாயிற்றுக்கிழமையும் கல்லூரிக்கு வருகிறவர். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகையும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

பரீட்சை நெருங்கியதும் வருகை குறைந்தவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சித்தேரிப் பையனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு வருடம் போய்விடும். அவன் வீட்டில் ஒரு வருடத்தைச் சும்மா விட முடியாது. திருப்பூருக்கோ ஓசூருக்கோ கம்பெனி வேலைக்குப் போய்விடுவான், திரும்பி வர மாட்டான். அப்படிப் போன பையன்கள் எனக்குத் தெரியும். நான் பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தேன், அவன் தினமும் என் வகுப்பில் இருந்தான் என்று. "மிஷின் கணக்கு இருக்கும்போது மனுசக் கணக்கு எதுக்கு மேடம்?" என்று அதை மடித்து பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைத்தார்.

அப்புறம்தான் அந்தப் பெற்றோர் கூட்டம். வருகை குறைந்த பையன்களின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பது எங்கள் கல்லூரியில் வழக்கம். சித்தேரிப் பையனின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எழுந்து கும்பிட்டார்.

"எம்பையன் தெனமும் விடியறதுக்கு முன்ன கெளம்பி மொத பஸ்ஸுக்கு வாரானுங்களே சார்."

"பஸ்ல ஏர்றான் பெரியவரே. எங்க எறங்குறான்னு பாத்தீங்களா? மிஷினுக்கு வேண்டியவன் கெடையாது, வேண்டாதவன் கெடையாது. வந்தா வந்தான்னும். வரலன்னா வரலன்னும்." அப்புறம் மைக்கைச் சரிசெய்துகொண்டு, முதலில் நான் எழுதியிருக்கிறேனே, அந்தப் பொய்யைச் சொன்னார் பிரின்சிபால்.

நான் எழுந்தேன். "கேள்வி நேரம் முடிஞ்சுதுங்க" என்று மைக்கை அணைத்துவிட்டார். அப்பா திரும்பி மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். டிபன் பாக்ஸ் சிரிப்பெல்லாம் அதோடு எனக்கு விட்டுப்போனது.

"பஸ்ல எங்கப்பா ஒரு வார்த்த பேசல மேடம்" என்றான் பையன் மறுநாள். "அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல."

அதற்கடுத்த நாளிலிருந்து அப்பாவே மகனோடு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். காட்டு வேலையை விட்டுவிட்டு, மகனைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டு, அவன் உள்ளே போகிறானா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒரு நாள் நான் ஸ்கூட்டியை நிறுத்துகிறபோது வாசலில் நின்றுகொண்டு பட்டன் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுல என்னாமோ வந்துருக்குது. மலையில சிக்னல் கெடையாது. கீழ வந்தாத்தான் இது கத்துது. என்னான்னு பாருங்க."

பார்த்தேன். வருகை இல்லாத மாணவர்களின் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து தானாகப் போகிற மெசேஜ். 'தங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வரவில்லை.' படித்துக் காட்டினேன்.

அவர் வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். மகன் முதுகு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

"தோ போறான்ல?"

"ஆமாங்க."

"இப்பத்தான வுட்டேன்?"

"ஆமாங்க."

"அப்ப இது யாரச் சொல்லுது?"

வளைவின் கீழேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை, காமிரா, டிபன் பாக்ஸ், விக். ஒன்று விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. கருங்கல்லைக் கையால் காட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"நான் எம்பையனச் சந்தேகப்பட்டுட்டம்மா. அவரு மைக்குல சொன்னாரு, நம்பிட்டேன்" என்றார். "மைக்குல சொன்னத மைக்குலயே மாத்திச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு அது போதும். பரீட்சைய அவன் எழுதிக்குவான்."

அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மெசேஜைக் காட்டினேன். "அது மெசேஜ் அனுப்புற கம்பெனிக்காரன் தப்பு. காமிரா தப்பு இல்ல" என்றார் பிரின்சிபால். கையால் முடியைச் சரிசெய்துகொண்டார். அது சரியாகத்தான் இருந்தது.

இதை எல்லாம் கேட்ட பென்னாகரத்துப் பையன் என்னிடம் ஒரு திட்டம் கொண்டுவந்தான்.

"மேடம், நான் மொட்டை போட்டுக்கறேன். அவனுக்கு அட்டெண்டன்ஸ் வுழுந்துரும்."

"அப்ப உனக்கு யாருடா போடுவா?"

"அவன்தான் வரானே. அவன் எனக்குப் போட்டுருவான்."

இரண்டு வருடமாக நான் நடத்துகிற பாடத்தை இத்தனை தெளிவாக ஒருவனும் விடைத்தாளில் எழுதியதில்லை. "போய்ப் படிடா" என்று விரட்டினேன். அவன் கேட்கவில்லை. மறுநாள் ஒகேனக்கல்லில் முடி இறக்கிவிட்டு, சந்தனத்தோடு வந்து வளைவின் கீழ் நின்றான். லேப் திரையில் பார்த்தோம். பச்சைக் கட்டம், சித்தேரிப் பையன் பெயர், 'வந்துவிட்டார்'. பின்னாலேயே சித்தேரிப் பையன் வந்தான். திரையில் பென்னாகரத்துப் பையன் 'வந்துவிட்டார்'.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஓடிப்போய்ப் பிரின்சிபாலைக் கையோடு கூட்டிவந்து, பதிவானதைத் திரையில் திருப்பிப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்புறம் திரும்பி, மொட்டைத் தலையோடு லேபுக்குள் வந்து நின்ற பையனைப் பார்த்துச் சொன்னார்: "இது ஆள்மாறாட்டம்."

சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இன்னொரு மாணவனின் அடையாளத்தைத் தன் தலையால் பயன்படுத்திய குற்றத்துக்காக பென்னாகரத்துப் பையனை விசாரிக்கப் போகிறார்களாம். தூண்டிவிட்டதாக எனக்கு மெமோ. சித்தேரிப் பையனின் ஹால் டிக்கெட் அப்படியே நிற்கிறது. வெள்ளிக்கிழமையோடு ஹால் டிக்கெட் கொடுப்பது முடிகிறது.

மெமோவுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் இது வந்திருக்கிறது. இருக்கட்டும். நகல் எடுத்து நோட்டீஸ் போர்டில் அந்த நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன்.

சார், உங்களைத்தான் கேட்கிறேன். தலையைக் காட்டி இன்னொருவன் வருகையை வாங்குவது ஆள்மாறாட்டம் என்றால், அந்தப் பையன் ஒரே ஒரு காலைதான் செய்தான். அதற்கு முன்னால் தினமும், எல்லோருக்கும் முதல் ஆளாக வந்து அதைச் செய்தது யார்? குடியரசு தினத்தன்று மேடையில் பரிசு வாங்கியது யாருடைய தலை? அந்த டிபன் பாக்ஸ் யாருடையது?

வெள்ளிக்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் வாசலுக்கு வாருங்கள். லேப் ப்ரொஜெக்டரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். மைக்கும் இருக்கும். சித்தேரியிலிருந்து அந்தப் பையனின் அப்பா வருவார். மலை பஸ் வருகிறவரை அவருக்காகக் காத்திருங்கள். தலையில் இருப்பதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வெட்டிவைத்த கருங்கல்லுக்குப் பக்கத்தில், காமிராவுக்குக் கீழே நில்லுங்கள். திரையில் யார் பெயர் விழுகிறதோ அதை மைக்கில் சத்தமாக, அவருக்குக் கேட்கிற மாதிரி, படியுங்கள்.